தலைக்கு ஊற்றிய தண்ணீர்

பத்து மணிக்குப் பெரிய டாக்டரம்மா வருவார். வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார், ஆபரேஷன் செய்த இடத்தில் தண்ணி பட்டதா என்று. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்காக மந்திரமூர்த்தி விடிந்ததிலிருந்து பன்னிரண்டாம் கட்டிலில் மல்லாந்து கிடந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று வருஷம் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்ற மனுஷன். ஒரே நேரத்தில் பதினெட்டைக் கல்லில் போட்டுவிட்டு எது முந்திப் போட்டது, எது பிந்திப் போட்டது, எதைத் திருப்ப வேண்டும் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே தட்டி எடுக்கிற கை. இப்போது பார்த்தால் வெறும் பதினாறு நாள், அது வரிசைக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. திங்கட்கிழமை ஆபரேஷன், அது நிச்சயம். அடிவயிற்றில் வலது பக்கம் குடலிறக்கம், உள்ளே ஒரு வலைத்துணி வைத்துத் தைத்திருக்கிறது, ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஒரு வாரம் போய், ரெண்டு வாரம் போய், இன்றைக்குச் செவ்வாய். தைத்த இடம் வாயைப் பிளந்துகொண்டு சீழும் சலமுமாக வடிகிறது. நேரம் காலம் இல்லாமல் காய்ச்சல் வருகிறது, வந்தால் மேலே சுற்றுகிற ஃபேனுக்கு எத்தனை இறக்கை என்பதே தகராறாகிவிடுகிறது. சலம் வலை வரைக்கும் இறங்கியிருந்தால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து வலையை வெளியே எடுக்கணும் என்று சின்ன டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி திறக்கவா? ஒரு தரம் திறந்ததற்கே இந்தப் பாடு.

தண்ணி பட்டதா? பட்டது. பட்டது என்ன, மூணு கப்புத் தண்ணியை உச்சந்தலையில் தானே ஊற்றிக்கொண்டார். இது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பொண்டாட்டி ஆவுடைத்தங்கத்துக்கும் தெரியாது, அவளுக்குத்தான் தெரியவே கூடாது. அவளோ, பாவி, டீன் ஆபீசில் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டுத் தண்ணி படாமல் நான் பார்த்துக்கொண்டேன், கட்டு மாற்றுகிற சிஸ்டர் ஒரே கத்திரிக்கோலால் ஆறு பேருக்குக் கட்டு வெட்டினதை என் ரெண்டு கண்ணால் பார்த்தேன், அதனால்தான் சலம் வைத்தது என்று. எழுதியதோடு விட்டாளா, வார்டு நடுவில் நின்று, "என் சேலையில சத்தியமாச் சொல்லுதேன்"னு கையை வேறு அடித்தாள். அதன் பேரில் ரெக்ஸ்லின் சிஸ்டருக்கு மெமோ. அதன் பேரில் இன்றைக்குப் பெரிய டாக்டரம்மா ஃபைலைத் தூக்கிக்கொண்டு விசாரிக்க வருகிறார். சிஸ்டரை வேற ஊருக்குத் தூக்கிருவாங்க என்று கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வாளியை இழுத்துக்கொண்டே சொன்னாள். மந்திரமூர்த்திக்கு அந்தச் சிஸ்டர் மேல் ஒரு கோபமும் கிடையாது, அதுதான் சங்கடம். கோபம் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாம். ஆனால் குளித்தேன் என்று சொன்னால் எதற்குக் குளித்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதைச் சொன்னால் ஆவுடை பன்னிரண்டு நாளாகக் கட்டிக் காத்த பொய் அவள் கண் முன்னாலேயே சரிந்து விழும். அட, எந்தப் பக்கம் புரண்டாலும் வலிக்கிற மாதிரியே ஒரு கேள்வி.

"எந்திரிச்சிட்டியளா? இட்லி சூடா இருக்கு, ரெண்டு பிட்டுப் போட்டுக்கிடுங்க, மாத்திரை போடணும்லா," என்று ஆவுடை தூக்குச்சட்டியோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றபடியே பிட்டு ஊட்டினாள், கட்டில் ஆடினால் அவருக்கு இழுத்துப் பிடிக்கும் என்று. நல்ல பொம்பளை. அதில் யார் என்ன சொல்ல முடியும். "ஊருக்குப் போன் போட்டேன். பெரியப்பா உங்களத்தான் கேட்டாகளாம். பய வயித்துல இருக்க கட்டு எப்பப் பிரிப்பாகன்னு நச்சரிக்காகளாம்." மந்திரமூர்த்தி இட்லியை மென்றார். மெல்ல மெல்ல அது வாய்க்குள் பெருகியது. "காலு வலி எப்பிடி இருக்காம் அவுகளுக்கு?" என்று கேட்டார், கேட்காவிட்டால் சந்தேகப்படுவாளே என்று. "அது கெடக்கு, தைலம் போட்டுத் தேய்க்காகளாம்." எரித்துப் பன்னிரண்டு நாளான மனுஷனின் காலுக்குத் தைலம். அவள் முகத்தைப் பார்த்தார், ஒரு சுளிப்புக் கிடையாது, என்ன திராணி இவளுக்கு, சாட்சிக் கூண்டில் ஏற்றினாலும் அசர மாட்டாள் போலிருக்கிறது. தானும் சளைத்தவரா என்ன. பன்னிரண்டு நாளாக அவரும், பெரியப்பா சாப்பிட்டாரா, பெரியப்பாவுக்கு வெத்தலை யார் இடித்துக் கொடுக்கிறது என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். ரெண்டு பேருமாகச் செத்த மனுஷனுக்குத் தினமும் மூணு வேளை சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் செத்த பெரியப்பாவுக்கு இருமல் கூட வந்துவிட்டது, ஆவுடை கசாயம் வைக்கச் சொன்னாள். சிரிப்பதா அழுவதா என்று மந்திரமூர்த்திக்கு விளங்கவில்லை, சிரித்தால் தையல் இழுக்கும், அழுதாலும் இழுக்கும்.

எல்லாவற்றையும் விட அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது வேறு ஒன்று. கொள்ளி யார் வைத்தது? பூதத்தான் பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. மந்திரமூர்த்தியின் அப்பா இவர் தவழுகிற வயசில் போய்விட்டார், பெரியப்பாதான் தூக்கி வளர்த்தார், பரோட்டாக் கடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதும் அவர்தான், ஆவுடையைப் பெண் பார்த்து முடித்ததும் அவர்தான். ஒண்ணும் கேட்டதில்லை மனுஷன். ஒரே ஒரு தடவை, ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, வெத்தலையைக் குதப்பிக்கொண்டே, "உங்கையால ஒரு கொள்ளி போதும்டா எனக்கு, வேற எவனும் தொடக்கூடாது"ன்னார். வேற எவன் என்றால் சிவனுபாண்டி. சின்னப் பெரியப்பா மகன். நடைபாதையை அடைத்து முள்வேலி போட்டவன், பெரியப்பாவைக் கம்போடு விரட்டினவன், பத்து வருஷமாக முகத்தில் முழிப்பதில்லை. முறைப்படி பார்த்தால் மந்திரமூர்த்தி இல்லாவிட்டால் அடுத்த பங்காளி அவன்தான். அவன்தானே வைத்திருப்பான்? வேற யார் இருக்கிறார்கள்? மொட்டையடித்து, தோளில் குடத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தடியன் பெரியப்பாவைச் சுற்றி வந்திருப்பான். நினைத்தாலே மந்திரமூர்த்திக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. பெரியப்பா, என்னை மன்னிச்சிருங்க, நான் இங்க வயித்தைக் கிழிச்சுப் போட்டுக் கெடந்தேன். ஒருவேளை அவன் வரவில்லையோ? வேறு யாராவது தலையாரி, ஊர்க்காரன், யாரோ ஒருத்தன் போகிறபோக்கில் வைத்திருப்பானோ? அது இதைவிடக் கேவலமாச்சே. ஆவுடையிடம் கேட்டால் தெரியும். ஆனால் கேட்டால் செத்துப்போனது தெரியும் என்று ஆகிவிடும். கேட்க முடியாது, கேட்காமலும் இருக்க முடியவில்லை, பன்னிரண்டு நாளாக அந்தக் கேள்வி நாக்கு நுனிக்கு வந்து வந்து இட்லியோடு உள்ளே போகிறது.

அந்த வெள்ளிக்கிழமை. காலையில் ஆவுடையின் தம்பி வார்டு வாசலில் வந்து நின்றான், உள்ளே வராமல் கையைக் காட்டி அவளைக் கூப்பிட்டான். போனவள் திரும்பி வந்து, "காப்பீட்டு அட்டை வேணுமாம்ங்க, அத எடுத்துட்டுப் பொழுதடைய வந்திருதேன், பாய்கிட்ட சொல்லிட்டுப் போறேன், அசையாமக் கெடங்க," என்று கிளம்பினாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, ராத்தூக்கம் இல்லாதது என்று நினைத்தார். போனை மட்டும் அவரிடம் விட்டுவிட்டுப் போனாள், என்னமும் அவசரம் என்றால் தம்பி நம்பருக்கு அடிக்கட்டும் என்று. ஊரில் யாரும் அந்த நம்பருக்குப் போன் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் போல, ஆனால் எல்லார் வாயையும் ஒருத்தி பொத்த முடியுமா? பதினோரு மணி சுமாருக்கு ஊரிலிருந்து ஒரு பழைய கூட்டாளி அடித்தான். "எண்ணே, எடுக்கதுக்கு முந்தி வந்திருவியா, வழியில இருக்கியா?" எதை எடுக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது, பெரியப்பாதான். பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. "மத்தியானத்துக்கு மேல நீர்மாலைக்குப் போறாகளாம்," என்றான் அவன். நீர்மாலை என்றால் பிள்ளை முறைக்காரன் குளித்து ஈரத் துணியோடு தண்ணி எடுத்து வந்து செத்தவரைக் குளிப்பாட்டுவது. பிள்ளை முறைக்காரன் இங்கே அல்லவா கிடக்கிறான். மந்திரமூர்த்தி போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார். சுவரைப் பிடித்து, கட்டில் கட்டிலாகப் பிடித்து, வார்டுக் கோடியில் இருக்கிற குளியலறைக்குப் போனார். ஒரு பச்சை வாளி, விளிம்பு உடைந்தது, என்னென்ன அலசின வாளியோ, குழாயடியில் பாசி. மூணு கப்பு. முதல் கப்பு ஊற்றும்போது பெரியப்பா என்று சொன்னாரா, மனசுக்குள் சொன்னாரா, ஞாபகம் இல்லை. தண்ணி முதுகில் வழிந்தது, நெஞ்சில் வழிந்தது, வயிற்றில் கட்டு இருக்கிறது என்பது மூணாவது கப்புக்கு அப்புறம்தான் உறைத்தது. துண்டால் அழுத்தித் துடைத்தார், சட்டையை மாட்டினார், ஃபேனுக்கு நேரே வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்தார். கட்டு நனைஞ்சு போச்சு, மாத்தி விடுங்க என்று ஒரு வார்த்தை சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. மறுநாள் காலை கட்டு மாற்றுகிற வரைக்கும் அந்த ஈரம் உள்ளேயே இருந்தது.

ஆக, தண்ணிதான். ஆனால் தண்ணிதானா? இங்கேதான் கதை சிக்கிக்கொள்கிறது. ஒருநாள் கட்டைப் பிரித்துவிட்டு ரெக்ஸ்லின் சிஸ்டர், "லேசா கசிவு இருக்கு அண்ணே, பயப்படாதீங்க," என்று சொன்னாள். அது எந்த நாள்? குளிப்பதற்கு முந்தியா, பிந்தியா? முந்தி என்றால் தண்ணியின் மேல் குற்றம் இல்லை, சலம் ஏற்கனவே புறப்பட்டுவிட்டது. பிந்தி என்றால் தானே வரவழைத்துக்கொண்டது. அந்தச் சமயம் தேங்காய்ப்பால் வாசம் அடித்தது, அது மட்டும் மூக்கில் அப்படியே நிற்கிறது. தேங்காய்ப்பால் என்றால் இடியாப்பம். இடியாப்பம் என்றால் பக்கத்துப் பதினோராம் கட்டில் காஜா மைதீன் பாயின் மகள் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை ஆச்சே என்று அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். அப்படியானால் வெள்ளி. வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் கட்டு, பதினோரு மணிக்குப் போன். அப்போ முந்திதான்! மந்திரமூர்த்திக்கு மூச்சு லேசானது. இல்லையே, ஒரு நிமிஷம், கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தது ஆவுடை. ஆவுடை வெள்ளிக்கிழமை ஊரில் அல்லவா இருந்தாள்? அப்போ சனிக்கிழமையா? "பாய்," என்று திரும்பிக் கூப்பிட்டார், "உங்க மக இடியாப்பம் கொண்டாந்துச்சே, அது வெள்ளியா, சனியா?" பாய் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அறுபத்தெட்டு வயசு, அவருக்கும் குடலிறக்கம், மந்திரமூர்த்திக்கு மறுநாள் ஆபரேஷன், அவருக்கும் தையல் விட்டுச் சலம். "ரெண்டு நாளும் வந்துச்சே தம்பி. மொத நாளு பத்தலன்னு நீங்கதானே சொன்னிய?" போச்சு. இருந்த ஒரே சாட்சியும் போச்சு. "ஏன் தம்பி, பசிக்கிதா?" என்று கேட்டார் பாய், கரிசனமாக.

பாயைப் பார்த்தால் இன்னும் குழப்பம்தான். அவர் உடம்பில் பொட்டுத் தண்ணி படவில்லை, இது மந்திரமூர்த்திக்குக் கண்ணாரத் தெரியும். ஐந்து வேளை தொழுகிறவர், ஒவ்வொரு வேளைக்கும் கை கால் முகம் கழுவ வேண்டும், ஆனால் தண்ணி ஆகாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறதாம், சுவரில் ரெண்டு கையையும் ஒற்றி எடுத்து முகத்தையும் கையையும் தடவிக்கொண்டால் போதுமாம். தயம்மும் என்று பெயர் சொன்னார். டாக்டர் தண்ணி கூடாது என்றாரா, அன்றிலிருந்து கட்டிலில் உட்கார்ந்தபடி சுவரை ஒற்றி முகத்தைத் தடவித்தான் தொழுகிறார். எங்க சாமிக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்கக் கூடாதா, சாவுத் துட்டிக்கும் குளிக்காமல் சுவரைத் தொட்டால் போதும் என்று. சரி, தண்ணியே படாத பாய்க்கு ஏன் சலம் வைத்தது? கத்திரிக்கோலா? சுவரா? தியேட்டரில் வைத்தேவா? போர்த்திக்கொள்ளக் கொடுத்த அந்தப் பழுப்புப் போர்வையா, அதில் முந்தி யார் படுத்தார்களோ? அல்லது தன் கட்டில் ஈரம் எப்படியோ பாய்க்கும் போயிற்றா, தான் குளித்த வாளியில் பாயின் மகள் துணி அலசினாளே? அப்போ பாய்க்கும் நான்தானா? பதினாலாம் கட்டிலுக்கும் சலம் என்கிறார்கள், அதுவும் நானா? வார்டு முழுக்க நானா? காய்ச்சல் ஏறினால் இப்படித்தான், ஊரில் நடக்கிற அத்தனைக்கும் தான்தான் காரணம் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். சலத்தைப் பஞ்சில் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், என்ன கிருமி என்று வந்தால்தான் தெரியும். கிருமி வந்தாலும், நான் வாளியிலிருந்து வந்தேன் என்று எழுதிக்கொண்டா வரப்போகிறது.

ஒன்பது மணிக்குக் கட்டு வண்டி வந்தது. சக்கரம் கிறீச்சென்று சத்தம் போட்டது. மெமோ வந்த பிறகு ரெக்ஸ்லின் சிஸ்டர் யாரிடமும் பேசுவதில்லை. முன்பெல்லாம், "பரோட்டா அண்ணே, டிஸ்சார்ஜ் ஆகிப் போனா எனக்குக் கொத்துப் பரோட்டா பார்சல்," என்பாள். இன்றைக்குக் கையுறையை மாட்டினாள், பிளாஸ்திரியை ஈரப்பஞ்சால் ஊறவைத்து நோகாமல் உரித்தாள். அவள் கை நல்ல கை. ஆவுடை முறைத்தபடி கட்டிலை ஒட்டி நின்று கத்திரிக்கோலையே பார்த்தாள். இன்றைக்குத் தட்டில் நாலு கத்திரிக்கோல் இருந்தது. முன்னே ஒன்றுதான், அதை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து எடுப்பாள், அதையும் மந்திரமூர்த்தி பார்த்திருக்கிறார். ஒத்தை ஆள், நாற்பது கட்டில், கொதிக்கவைத்த சாமான் பாதி வார்டோடு தீர்ந்துபோகும். அவருக்கா தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முட்டையைத் தொட்ட கையால் மாவைத் தொடாத மாஸ்டர் எவன் இருக்கிறான், மேஜை மேஜையாக வாளியோடு போய்ச் சால்னா ஊற்றுகிற கரண்டியை யார் நடுவில் கழுவினார்கள். வேண்டுமென்றா செய்வது? கூட்டம் செய்ய வைக்கும். ஆனால் சால்னாக் கரண்டியால் ஒருத்தன் வயிறு பிளந்துகொள்வதில்லையே. அதுவும் சரிதான். அவள் அழுத்தியபோது புளித்துக் கெட்டுப்போன மாவின் வாசம் எழும்பியது, சலம், மஞ்சளாக, ஓரத்தில் பச்சையாக. "நெறைய வருது," என்றாள் சிஸ்டர், யாரிடமும் சொல்லாதது போல. குனிந்திருந்த அவள் கண் கலங்கியிருந்ததா, வியர்வையா? சிஸ்டர், நான் குளிச்சேன் என்று சொல்ல வாயெடுத்தார், பஞ்சு உள்ளே போயிற்று, "அம்மா" என்றுதான் வந்தது. ஆவுடை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி அவளைப் பொய்க்காரி ஆக்குவது, நாற்பது பேர் நடுவில் சத்தியம் பண்ணினவளை?

பத்து ஆகவில்லை, பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். பெரிய டாக்டரம்மா, சின்ன டாக்டர், ஃபைலோடு ஆபீஸ்காரர் ஒருத்தர், கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு ரெக்ஸ்லின் சிஸ்டர். டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார், ரெண்டு விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் குளிச்சீங்களா? கட்டு நனைஞ்சுதா?" கேள்வி முடிவதற்குள் ஆவுடை முந்திக்கொண்டாள். "ஒரு சொட்டு படலம்மா! துணிய நனைச்சுப் பிழிஞ்சு மேலு தொடச்சு விட்டதோட சரி. நாந்தாம்மா கூடவே இருந்தேன், எனக்குத் தெரியாம ஒண்ணு நடக்குமா?" டாக்டரம்மா அவளைக் கையமர்த்தினார். "அவர் சொல்லட்டும்மா." எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பாய் பார்த்தார். சிஸ்டர் மட்டும் தரையைப் பார்த்தாள். வெள்ளியா, சனியா, முந்தியா, பிந்தியா, மந்திரமூர்த்திக்குத் தலைக்குள் இடியாப்பம் இடியாப்பமாகச் சுற்றியது. எல்லாம் தெளிந்த பிறகு சொல்லலாம் என்று பார்த்தால் எதுவும் தெளிகிற மாதிரி இல்லை. சொல்லாவிட்டால் டாக்டருக்கு வைத்தியம் எப்படித் தெரியும். இவள் சத்தியம் பெருசா, வயிறு பெருசா, அந்தப் பொண்ணு பிழைப்பு பெருசா? தெரிந்தது ஒன்றே ஒன்று, அதைத்தான் சொல்ல முடியும்.

"குளிச்சேன்," என்றார். "அஞ்சாம் நாளு. தலைக்கு ஊத்துனேன். கட்டு நல்லா நனைஞ்சிட்டு, யாருகிட்டயும் சொல்லல, மறுநாள் வரைக்கும் ஈரத்தோடயே கெடந்தேன்." ஆவுடையின் பிடி அவர் கையில் தளர்ந்தது. ஆபீஸ்காரர் ஒரு பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்து, "அப்போ பேஷன்ட் பண்ணின தப்பு, அப்படித்தானே மேடம்?" என்று எழுதப் போனார். ஃபைலில் பாயைப் பற்றிய அடுத்த பக்கத்தையும் சேர்த்துத் திருப்பினார். மந்திரமூர்த்திக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ, "எழுதாதீங்க!" என்றார். "நான்தான் குளிச்சேன். பாய் குளிக்கல. தண்ணியத் தொடக்கூட இல்ல மனுஷன், சுவத்தத் தொட்டுத்தான் தொழுதாரு. அவருக்கும் இதே சலந்தான வருது? எனக்கு எழுதுனத அவருக்கும் எழுதிராதீங்க." பாய் திகைத்துப்போய்த் தலையை ஆட்டினார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் ரெண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "குளிச்சதுனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது," என்றார். "ரெண்டையும் அப்படியே எழுதுங்க, யார் தப்புன்னு நீங்க எழுத வேண்டாம். இவரை மத்தியானம் தியேட்டருக்குக் கொண்டு வாங்க, திறந்து பார்த்துடுவோம். உள்ள வலை வரைக்கும் போயிருக்கு." மத்தியானமா? அவ்வளவு சீக்கிரமாகவா? அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். ரெக்ஸ்லின் சிஸ்டர் கடந்து போகும்போது அவர் போர்வையை ஓரத்தில் இழுத்து விட்டுவிட்டுப் போனாள்.

ஆவுடை நின்ற இடத்திலேயே நின்றாள். கோபமா, வெட்கமா, முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. நாற்பது கட்டிலும் அவளைத்தான் பார்க்கிறது. "தலைக்கா ஊத்துனிய?" என்று கேட்டாள், சத்தமே இல்லாமல். "உடம்பு முடியாத மனுஷன், எதுக்குத் தலைக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அஞ்சாம் நாள் என்பது எந்த நாள் என்று அவளுக்குள் போய்ச் சேர்ந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் காலைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தாள். "தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சிக்கிட்டா இத்தன நாளும் தைலம் தேய்ச்சாகளா, வெத்தல போட்டாகளான்னு கேட்டிய?" என்றாள். பன்னிரண்டு நாள் அழுகை, முந்தானைக்குள் குமுறிக் குமுறி வந்தது. மந்திரமூர்த்திக்கும் கண்ணீர் ரெண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. தையல் இழுத்தது, இழுக்கட்டும். மத்தியானம் மறுபடி மயக்க ஊசி போடுவார்கள், அதற்குள் இதைக் கேட்டாக வேண்டும். கையைக் கீழே நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

"ஆவுடை, கொள்ளி யாரு வச்சது? சிவனுபாண்டியா?"

அவள் முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். மூக்கு சிவந்து, முகம் வீங்கி, ஆனால் டீன் ஆபீசுக்கு மனு கொண்டுபோன அதே முகம்.

"அவனா? அவன் கிட்ட வந்தான், ஊரே அவனத்தான் வைக்கச் சொல்லிச்சு, பொம்பள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு வழிய மறிச்சாக," என்றாள். "நாந்தான் வச்சேன்."